கிலோ சார் கஞ்சி ஊட்டிய இரண்டு நாட்கள்

சிமெண்ட் ஆலையின் வாசலில் லாரிகளை எடை போடுகிறவரைப் பதினான்கு வருடங்களாக எல்லாரும் கிலோ சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சம்பளப் பட்டியலில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

எடைமேடைக்குப் பக்கத்தில் நாலுக்கு ஐந்தடி கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் கிலோ சாருக்குத் தோரணையே மாறிவிடும். "வண்டியை ஒரு அடி முன்னால எடு. எஞ்சினை அணை. கிளீனர், தொங்காதே, இறங்கு" என்று மைக்கில் அவர் போடுகிற அதட்டலில் பதினெட்டுச் சக்கர லாரியே கூனிக் குறுகி நிற்கும். இத்தனைக்கும் ஆள் நேரில் எதிரே வந்தால், காய்கறிக் கடையில் தக்காளியைக்கூடப் பொறுக்கி எடுக்கத் தயங்குகிறவர்.

அவருடைய வேலை கணக்குப் பார்த்தால் ஒரே ஒரு கழித்தல். சரக்கோடு வண்டி எத்தனை, அதில் காலி வண்டி எத்தனையைக் கழி, மிச்சம் சரக்கு. இதில் ஒரு சௌகரியம் உண்டு. தினமும் வந்து போகிற வண்டிகளின் காலி எடையை ஒருமுறை போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த வண்டியைக் காலியாக மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்து தானே கழித்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "சார், பின்கதவைக் கழட்டிட்டு வேற போட்டிருக்கேன், காலி வண்டியை இன்னொரு வாட்டி ஏத்திப் பாருங்க" என்று கெஞ்சுவார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் உன் வண்டி எடை. அடுத்த வண்டி வரட்டும்" என்பார் கிலோ சார், மைக்கில். இரண்டடி தூரத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவதற்கும் மைக்தான்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை வயிற்றுப்போக்கு நுழைந்தது. முதலில் மகளுக்கு. ஒன்றரை வயது, உருண்டையாக இருப்பாள், எங்கே விட்டாலும் உருண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள், அதனால் பட்டாணி என்று பெயர். நாலு மணி நேரம் கழித்து அப்பாவுக்கு. அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், நானூறு பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஒரே பார்வையில் அடக்குகிறவள். கிருமிக்கும் உயிர்மேல் ஆசை இருக்காதா?

அந்த இரண்டு நாட்களை விவரித்துச் சொல்வதற்கில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கழிவறை என்பதை மட்டும் சொன்னால் போதும். சனிக்கிழமை பட்டாணியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டரம்மா பார்த்து, எடை போட்டு, ஒன்பது கிலோ எண்ணூறு என்று எழுதிக்கொண்டாள். "உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. சாப்பாடு அவளா கேக்கறப்போ கொஞ்சம் கொஞ்சமா. மல்லுக்கட்டாதீங்க. ஒண்ணுக்குப் போகாம இருந்தாலோ, துவண்டு போனாலோ, எடை ஒன்பதுக்குக் கீழ போனாலோ உடனே கூட்டிட்டு வாங்க. ஆஸ்பத்திரியில சேர்த்து டிரிப் போட வேண்டியிருக்கும்" என்றாள்.

மனைவி இதில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கிலோ சார் காதில் விழுந்தது ஒன்பது என்கிற எண் மட்டும்தான். மகளுடைய கையில், சப்பாத்திக் கட்டையைவிடச் சின்னதான அந்தக் கையில், ஊசி குத்தி டேப் ஒட்டி டியூப் தொங்கவிடுவார்கள் என்று நினைத்ததுமே அவருக்கு வயிற்றைக் கலக்கியது. ஏற்கெனவே கலங்கிக்கொண்டிருந்த வயிறு வேறு. கிளினிக் கழிவறை எங்கே என்று கேட்டுக்கொண்டு ஓடினார். தன்னையும் ஒரு வார்த்தை பாருங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது மனைவி மருந்துச் சீட்டோடு தயாராக நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் ஒருவழியாக நின்றது. கிலோ சார் தனக்கு முற்றிலும் சரியாகிவிட்டது என்று தானே அறிவித்துக்கொண்டார். மனைவிக்குப் பரீட்சை நேரம், லீவு என்று வாயைத் திறக்க முடியாது. ஆகவே திங்களும் செவ்வாயும் அவர் லீவு போட்டு மகளைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

"நல்லாத்தான் இருக்கா. விளையாட விடுங்க. கேட்டா குடுங்க, கேக்கலைன்னா விடுங்க. தண்ணி மட்டும் மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காலை அவள் செருப்பை மாட்டினாள். "நீங்களும் எதையாவது சாப்பிடுங்க."

கடைசி வாக்கியத்தை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கதவு மூடியதுமே குளியலறையிலிருந்து எடை மெஷினை எடுத்து வந்து கூடத்தின் நடுவில் வைத்தார். கண்ணாடி போட்ட டிஜிட்டல் மெஷின். பட்டாணியை அதன்மேல் நிறுத்தினார். அவள் உட்கார்ந்தாள். உட்காரவைத்தார். அவள் படுத்தாள். படுக்கவைத்தார். அவள் எழுந்து ஓடியே போய்விட்டாள்.

லாரி ஓடாது. அந்த வகையில் லாரி உத்தமம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் பதினான்கு வருட அனுபவம் சும்மா போகுமா? மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தானே மெஷினில் ஏறி நின்றார். எண்பத்து மூன்று கிலோ முன்னூறு. அவருடைய எடை எழுபத்து நாலு. போன மாதம் ஆலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் போட்டது, அட்டையிலேயே இருக்கிறது. கழித்தார். ஒன்பது கிலோ முன்னூறு.

சனிக்கிழமை ஒன்பது எண்ணூறு. இரண்டே நாளில் அரைக் கிலோ காணோம்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதர் கவனக்குறைவானவர் இல்லை. ஏறுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பையிலிருந்த சாவியை எடுத்து வைத்தார். புது டயாபர் எத்தனை கிராம் என்று சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்துத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடித்தால் ஏதாவது மாறுமா என்றுகூட யோசித்தார். உலகத்தில் கழிக்க வேண்டிய எல்லாவற்றையும் கழித்துவிட்டு, தன்னை மட்டும் அட்டையில் இருந்தபடியே நம்பினார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சாப்பாடு என்று சொல்லக் கூடாது, முற்றுகை என்று சொல்லலாம். ஒன்பதுக்கு இன்னும் முன்னூறு கிராம்தான் பாக்கி. கஞ்சி காய்ச்சினார். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்தார். வாழைப்பழத்தைக் கூழாக்கினார். மூன்றையும் மூன்று கிண்ணத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு, மகளை உயர நாற்காலியில் பட்டை போட்டுக் கட்டினார்.

"லாரி வருது பாரு. கேட்டைத் திற. ரிவர்ஸ்... வா, வா, வா..."

பட்டாணி கரண்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். உதட்டை உள்ளுக்கு மடித்து, வாயே இல்லாத முகம் மாதிரி ஆக்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாய். அப்பாவுக்காக. ஆ... அப்பா பாரு எப்படித் திறக்கறேன். ஆ..."

அவர் வாயைத் திறந்து காட்டக் காட்ட, கஞ்சி வாசனை அவர் தொண்டைக்குள் போய் ஒரு புரட்டுப் புரட்டியது. முகத்தைத் திருப்பி, ஜன்னல் பக்கம் நின்று மூச்சு வாங்கிவிட்டு, திரும்பி வந்து "ஆ" என்றார். வேலை என்று வந்துவிட்டால் ஆள் அப்படி. குரங்கு மாதிரி குதித்தார், பூனை மாதிரி கத்தினார், மைக் குரலில் அதட்டினார். டிவியைப் போட்டார். மகள் டிவியைப் பார்த்து வாய் பிளந்த ஒரு நொடியில் கரண்டியை உள்ளே செலுத்தினார். அவள் அதை இரண்டு விநாடி வைத்திருந்து, அவர் சட்டைக்கே திருப்பிக் கொடுத்தாள்.

மத்தியானம் மறுபடி எடை. ஒன்பது இருநூறு. சட்டையில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்கை வழித்து எடுத்துவிட்டுத்தான் ஏறினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையில் போன் வேறு. அவருடைய அக்கா, மனைவியின் அண்ணன், மேல்மாடிக்காரர், ஆலையிலிருந்து டிராபிக் சூப்பர்வைசர் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டார்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "குழந்தை சாப்பிட்டாளா?" கிலோ சார் ஒவ்வொருவருக்கும் கிராம் கணக்கில் பதில் சொன்னார். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தேன் கலந்து கொடு என்றார் ஒருவர், தேனே கூடாது என்றார் இன்னொருவர். நீ சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பார், ஏனென்றால் வெள்ளிக்கிழமைக்கப்புறம் அவர் வயிற்றுக்குள் போனது நாலு பிஸ்கட்டும் அரை டம்ளர் டீயும்தான். மகளுக்கு வாங்கிவைத்த உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களில் ஒன்றைக் கரைத்துக் குடிக்கலாம்தான். அவளுடையது குறைந்துவிடுமே என்று தொடவில்லை.

சாயங்காலம் ஒன்பது நூறு. மனைவி வந்து பையை வைப்பதற்குள் துண்டுச் சீட்டை நீட்டினார்.

அவள் சீட்டைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். மகள் ஒரு கையால் அம்மாவின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவள் பையைத் திறந்துகொண்டிருந்தாள்.

"இவளா துவண்டு கிடக்கா? காது அறுந்துடும் போலிருக்கு. எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனா?"

"அஞ்சு. ஆனா அது இல்ல விஷயம்."

"தண்ணி?"

"மூணு டம்ளர் குடிச்சா. ஏம்மா, நான் சொல்றதைக் கேளு. எடை இறங்கிக்கிட்டே இருக்கு."

"அந்த மெஷினைத் தூக்கி அலமாரி மேல போடுங்க. உங்க மூஞ்சைப் பார்த்தா எனக்கே சாப்பிடப் பிடிக்காது, அவ எங்க சாப்பிடுவா?"

"கண்ணு ஏமாத்தும், மெஷின் ஏமாத்தாது" என்றார் கிலோ சார். கண்ணாடி அறைக்குள் இருந்து சொல்கிற அதே குரல். மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் கையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பட்டாணி பிடுங்கித் தின்றதையும் அவர் பார்த்தார். பார்த்து என்ன? கணக்கில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மனைவி கிளம்பிப் போன கையோடு மறுபடி கஞ்சி ஊட்டிப் பார்த்து, ஒரு வாயும் இறங்காமல் மெஷினில் ஏறினார். எண்பத்து இரண்டு எழுநூறு. கழித்தார். எட்டு எழுநூறு.

இறங்கி, மறுபடி ஏறினார். எட்டு எழுநூறுதான். கால் நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறது என்று நினைத்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதற்கும் பயம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டார். மகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சாமி, என்னை எடுத்துக்கோ, இவளை விட்டுடு" என்று வாய்விட்டே சொன்னார். கேலி பண்ணிக்கொண்டு வந்த எனக்கே இந்த இடத்தில் அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. மனைவிக்குப் போன் பண்ணி, "கிளினிக்குக்கு வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தார்.

கிளினிக்கில் டாக்டரம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் நர்ஸம்மா. ஐம்பது வயது, தினம் அறுபது குழந்தைகளையும் அறுபது அப்பா அம்மாவையும் சமாளிக்கிற கை. மனைவி மூச்சிரைக்க உள்ளே வந்தபோது நர்ஸம்மா பட்டாணியைத் தட்டுத் தராசில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். தட்டு ஆடுவது பட்டாணிக்குப் பிடித்துப்போய்ச் சிரித்தாள்.

"ஒன்பது தொள்ளாயிரம். சனிக்கிழமையைவிட நூறு கூடியிருக்கு. என்ன பிரச்சனை?"

"இந்தத் தராசு தப்பு" என்றார் கிலோ சார்.

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்கு முத்திரை குத்தி எத்தனை நாளாச்சு? நான் பதினாலு வருஷமா இதே வேலையில இருக்கேன் மேடம். நாப்பது டன் வண்டியில இருபது கிலோ வித்தியாசம்னா கண்டுபிடிச்சிடுவேன். இவ எடை எட்டு எழுநூறு. உள்ள சேர்க்கணும். டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க."

காத்திருந்த அம்மாக்கள் எல்லாரும் தங்கள் குழந்தைகளைத் தராசிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். மனைவி அவர் சட்டையை இழுத்தாள். அவர் விடவில்லை. துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். நர்ஸம்மா அதை நிதானமாகப் படித்தாள்.

"சரி சார். நீங்க வீட்டுல எப்படிப் பார்த்தீங்களோ அப்படியே இங்கயும் பண்ணுங்க. அதோ பெரியவங்க மெஷின்."

கிலோ சார் செருப்பைக் கழற்றினார். போன், சாவி, பர்ஸ், கடிகாரம் எல்லாவற்றையும் நர்ஸம்மாவின் மேஜையில் அடுக்கினார். கடைசியாக பெல்ட்டையும் உருவினார். உருவியதுமே பேன்ட் சரசரவென்று கீழே கிளம்பியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மகளை வாங்கிக்கொண்டு, ராஜா சிம்மாசனத்தில் ஏறுகிற மிடுக்கோடு மெஷினில் ஏறினார்.

"எண்பத்து மூணு. பேன்ட் சட்டைக்கு முன்னூறு கிராம் கழிச்சுக்குங்க. என்னோட எடை எழுபத்து நாலைக் கழிச்சுக்குங்க. எவ்வளவு? எட்டு எழுநூறு! நான் சொன்னேனா இல்லையா?"

நர்ஸம்மா அவர் பிடித்துக்கொண்டிருந்த பேன்ட்டைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எழுபத்து நாலுன்னு யாரு சொன்னது?"

"அட்டையில இருக்கு."

"குழந்தையை இப்படிக் குடுங்க. நீங்க அப்படியே நில்லுங்க."

பட்டாணி கை மாறினாள். சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன. எழுபத்து மூன்று நூறு. அதில் பேன்ட் சட்டைக்கு முன்னூறு போனால் எழுபத்து இரண்டு எண்ணூறு.

பதினான்கு வருடமாகக் கழித்துப் பழகின மூளை, வேண்டாம் வேண்டாம் என்றாலும் தானாகவே கழித்தது. ஒரு கிலோ இருநூறு. மகளிடமிருந்து காணாமல்போன கிராம்கள் எல்லாம் கண் எதிரே கிடைத்துவிட்டன. திருட்டுப் போனது வேறு வீட்டில்.

"வயித்தால போச்சா உங்களுக்கும்?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து" என்று மனைவிதான் பதில் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை மதியம் டப்பாவைத் திறக்கவில்லை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறவள் அவள்.

"சார், கீழே இறங்கி உக்காருங்க. முதல்ல பெல்ட்டைப் போடுங்க."

டாக்டரம்மா பட்டாணியை ஒரு நிமிஷமும் அவளுடைய அப்பாவைப் பத்து நிமிஷமும் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள். "மகளுக்கு ஒண்ணும் இல்ல. டிரிப் போடணும்னா உங்களுக்குத்தான் போடணும். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு லிட்டர் குடிச்சு, ஏதாவது சாப்பிட்டா தப்பிச்சீங்க" என்றாள். அறைக்கு வெளியே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. கிலோ சார் கேட்காத மாதிரி இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, இன்றைக்கு வர முடியாது என்றாள். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. "வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை" என்றாள். இந்த நாலு நாளில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. கட்டிலில் சாய்ந்திருந்த கிலோ சாருக்கு, அசட்டுத்தனமாக, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவும் உடம்பிலிருந்து போகிற தண்ணீர்தான் என்று அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.

அவள் கஞ்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டாணிக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தரையில் வைத்தாள்.

"வாயைத் திறங்க."

முதல் கரண்டி எப்படியோ போயிற்று. இரண்டாவது போனதும் வயிறு குமட்டியது. மூன்றாவது வந்தபோது உதட்டை இறுக மூடி, தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒரே ஒரு வாய்."

"வேணாம்மா."

"எனக்காக."

"புரட்டுதும்மா. வாசனையே ஒத்துக்கலை. கொஞ்ச நேரம் விடேன், நானே கேக்கறேன்."

மனைவி கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். "இதைத்தானேங்க அவளும் ரெண்டு நாளா உங்ககிட்ட சொன்னா. அவளுக்குப் பேச்சு வரலை, அவ்வளவுதான்."

கிலோ சார் மகளைத் திரும்பிப் பார்த்தார். தன் வயிறு புரளும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் போய் மூச்சு வாங்கிக்கொண்டு, அதே மாதிரி வயிறு புரண்ட மகளைப் பட்டை போட்டுக் கட்டிவைத்து ஊட்டியிருக்கிறார். கட்டிலிலிருந்து மெல்ல இறங்கிப் போய் மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் பட்டாணி சட்டென்று உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொண்டாள். அந்த ஒரு பார்வை அவரைச் சுட்டது.

"இல்லடா தங்கம். அப்பா ஊட்ட மாட்டேன்" என்று இரண்டு வெறுங்கைகளையும் விரித்துக் காட்டினார். "தப்புப் பண்ணிட்டேன்டா."

பட்டாணி அந்தக் கைகளை ஒரு நிமிஷம் பரிசோதித்தாள். கரண்டி இல்லை என்று உறுதியானதும் உதட்டை விடுவித்தாள். கிண்ணத்தைத் தூக்கி அப்படியே தரையில் கவிழ்த்தாள். அம்மா எழப் போனாள், அவர் கையால் வேண்டாம் என்று காட்டினார். தரையில் பரவிய கஞ்சியை மகள் உள்ளங்கையால் துழாவி, வழித்து, விரல்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டுச் சப்பத் தொடங்கினாள். எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு கவுனில் போயிற்று என்று எந்த மெஷினாலும் சொல்ல முடியாது. அவசரமே இல்லாமல், சப்புக்கொட்டிக்கொண்டு, முகமெல்லாம் பூசிக்கொண்டு சாப்பிட்டாள்.

பார்த்துக்கொண்டே இருந்த கிலோ சாருக்கு, வெள்ளிக்கிழமைக்கப்புறம் முதல் தடவையாகப் பசித்தது.